சொந்தமாகக் குரோஷே பொம்மை பேட்டர்ன் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறையில் பொம்மை பின்னப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் "அடுத்தவர் பேட்டர்ன் போதும், இனி நானே ஒன்று போடுகிறேன்" என்று இறங்கிவிடுகிறார்கள். பேட்டர்ன் என்பது எந்தச் சுற்றில் எத்தனை ஸ்டிச் என்று வரிவரியாக எழுதிய செய்முறை. அதன்பின் வரும் சந்தேகங்கள் ஆள் மாறினாலும் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே பொம்மையைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். கொலுப்படியில் வைக்க, ஒற்றைச் சடை பின்னிப் பாவாடை கட்டிய சிறுமி. உயரம் சுமார் 20 செ.மீ., பருத்தி நூல், 2.5 மி.மீ. ஊசி. 10 செ.மீ. அகலத்துக்கு 25 ஸ்டிச், 10 செ.மீ. உயரத்துக்கு 25 சுற்று என்ற கணக்கில்தான் எல்லா அளவும். அதாவது ஒரு ஸ்டிச் 4 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம். கால் பாதத்தில் தொடங்கி உச்சந்தலையில் முடிகிற பொம்மை. கைகளும் தலைமுடியும் மட்டும் தனி.

அக்கா, பேட்டர்ன் போடுற அளவுக்கு எனக்குத் தெரியுமா? என்னென்ன தெரிஞ்சிருந்தா போதும்?

வட்டத்தைத் தொடங்கும் நூல் வளையமான மேஜிக் ரிங், அடிப்படைக் குட்டை ஸ்டிச்சான சிங்கிள் குரோஷே, ஒரே ஸ்டிச்சில் இரண்டு போடும் இன்கிரீஸ், இரண்டை ஒன்றாக்கும் டிக்ரீஸ், நூல் மாற்றுவது. இவ்வளவும் கைக்குப் பழகியிருந்தால் போதும். கூடவே, பின்னி முடித்த சுற்றைப் பார்த்து எத்தனை ஸ்டிச் என்று எண்ணத் தெரிய வேண்டும். நிறையப் பேருக்குப் பின்ன வருகிறது, எண்ண வருவதில்லை. பேட்டர்ன் போடுவதில் பாதி வேலை எண்ணுவதுதான்.

மற்றவர்களின் பேட்டர்னை வைத்து மூன்று நான்கு பொம்மையாவது முடித்துவிட்டு ஆரம்பியுங்கள். அப்போதுதான் கோணல் வந்தால் அது கையிலிருந்து வந்ததா, கணக்கிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

லண்டன்ல இருக்கிற அத்தை ஒரு புத்தகம் அனுப்பினாங்க. அதுல டபுள் குரோஷேன்னு போட்டிருக்கு. அப்படியே போட்டா பொம்மை நீளமா, ஓட்டை ஓட்டையா வருது. ஏன்?

அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்பதை இங்கிலாந்தில் டபுள் குரோஷே என்பார்கள். நம் ஊரில் யூடியூப் பார்த்துக் கற்றவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வழக்கத்தில் பழகியவர்கள். அத்தை அனுப்பிய புத்தகத்தில் டபுள் என்று வரும் இடத்திலெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சிங்கிளைப் போடுங்கள், சரியாகிவிடும். உங்கள் பேட்டர்னை எழுதும்போதும் எந்த வழக்கம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல்ல படம் வரையணுமா, நேரா ஊசியை எடுத்துடலாமா?

வரையுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கிராஃப் தாளில், பொம்மை எவ்வளவு பெரிதாக வர வேண்டுமோ அதே அளவில், முன்பக்கத் தோற்றம் மட்டும் போதும். தலை, கழுத்து, வயிறு, கால் என்று ஒவ்வொரு இடத்திலும் அகலத்தை அளந்து, 3.14 ஆல் பெருக்கினால் அந்த இடத்தின் சுற்றளவு. அதை ஒரு ஸ்டிச்சின் அகலத்தால் வகுத்தால் அங்கே எத்தனை ஸ்டிச் என்பது வந்துவிடும்.

நம் சிறுமியின் தலை 6 செ.மீ. அகலம். சுற்றளவு 18.84. அதை 0.4 ஆல் வகுத்தால் 47 சொச்சம். 48 என்று வைத்துக்கொள்ளலாம். கழுத்து 2.3 செ.மீ. என்றால் 18 ஸ்டிச். வயிறு 4.5 செ.மீ. என்றால் 35 சொச்சம், அதை 36 ஆக்கிக்கொள்ளலாம். ஆறின் மடங்குக்குக் கொண்டுவந்துவிட்டால் பிறகு கூட்டுவதும் குறைப்பதும் சுலபம். கால் மட்டும் 15. அதற்குக் காரணம் கால் இணைக்கும் கேள்வியில் வரும்.

படம் வரையாமலே பின்னிப் பார்த்துத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நூலும் பொறுமையும் நிறைய இருந்தால் அதுவும் ஒரு வழிதான்.

10 செ.மீ.ல எனக்கு 25 ஸ்டிச் வரல, 22தான் வருது. ஊசியை மாத்தணுமா?

துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பஞ்சு எட்டிப் பார்க்கும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் ஊசியை ஒரு அளவு குறையுங்கள். தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பொம்மை கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான். சட்டை பின்னும்போது அளவு தவறினால் போட முடியாது. பொம்மைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். ஊசியின் மேல் நூலைப் போட்டு இழுப்பவர்களுக்கு ஸ்டிச் 'வி' வடிவில் விழும். நூலுக்கு மேலே ஊசியை விட்டு அதை அப்படியே கொக்கியில் மாட்டி இழுப்பவர்களுக்குக் குறுக்குக்கோடு போட்ட மாதிரி விழும். அது இறுக்கமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சரிதான். ஆனால் ஒரே பேட்டர்னில் இரண்டு பேருக்கும் தலை ஒரே வடிவத்தில் வராது. எந்த முறையில் பின்னினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

வட்டம் ஏன் எப்பவும் ஆறுலயே ஆரம்பிக்குது? ஏழு எட்டுல ஆரம்பிச்சா என்ன?

தட்டையான வட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் போடும்போது ஆரம் ஒரு ஸ்டிச் உயரம் கூடுகிறது. ஆரம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு 6.28 பங்கு கூடும். ஸ்டிச்சின் அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் அந்த இடத்தை நிரப்ப ஆறு ஸ்டிச் சொச்சம் வேண்டும். ஆறு என்ற எண் வந்தது அங்கிருந்துதான்.

உங்கள் கைக்கு ஸ்டிச் உயரமாக விழுந்தால் ஆறு போதாமல் வட்டம் கிண்ணமாகக் குழியும்; அப்போது ஏழு போட்டுப் பாருங்கள். குட்டையாக விழுந்தால் ஓரம் அலை அலையாக நெளியும். ஓரத்தில் நெளிவு லேசாக இருந்தால் தலைக்குக் கவலையில்லை, பஞ்சு அடைத்ததும் மறைந்துவிடும். செருப்பின் அடிப்பாகம் மாதிரித் தட்டையாக நிற்க வேண்டிய இடத்தில்தான் கவனிக்க வேண்டும்.

தலை உருண்டையா வராம முட்டையா வருது. பஞ்சைக் கூட்டியும் பார்த்துட்டேன், குறைச்சும் பார்த்துட்டேன்.

பஞ்சை விடுங்கள், சுற்றுகளை எண்ணுங்கள். உருண்டையின் உச்சியிலிருந்து அடிவரை மேற்பரப்பில் அளந்தால், அது சுற்றளவில் பாதி. ஆகவே ஸ்டிச் சதுரமாக விழும் கைக்கு, மொத்தச் சுற்றுகள் மிக அகலமான சுற்றின் ஸ்டிச் எண்ணிக்கையில் பாதி இருக்க வேண்டும். 48 ஸ்டிச் தலைக்கு 24 சுற்று: ஆறிலிருந்து 48 வரை கூட்ட 8, கூட்டாமல் குறைக்காமல் நேராக 9, திரும்பக் குறைக்க 7. 24ஐவிட அதிகம் போட்டால் முட்டை, குறைத்தால் பூசணி.

ஸ்டிச் சதுரமாக விழாதவர்கள் இதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். 10 செ.மீ.ல் 25 ஸ்டிச்சும் 28 சுற்றும் வருகிறது என்றால் 24ஐ 28ஆல் பெருக்கி 25ஆல் வகுங்கள், 27 சுற்று. கூடுதல் மூன்றையும் நடுவிலுள்ள நேர்ச்சுற்றுகளில் சேர்த்துவிடுங்கள்.

நம் சிறுமிக்குத் தலை கழுத்திலிருந்து மேலே வளர்கிறது. கழுத்தே 18 ஸ்டிச் என்பதால் 6, 12, 18 என்ற முதல் மூன்று சுற்றுகள் தேவையில்லை. 24, 30, 36, 42, 48 என்று ஐந்து, நேராக ஒன்பது, குறைக்க ஏழு, மொத்தம் 21.

உருண்டை சரியா வருது, ஆனா மேல பார்த்தா அறுகோணமா தெரியுதே?

இன்கிரீஸ் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோட்டில் விழுவதால் வருவது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் அதைத் தள்ளிப் போடுங்கள். உதாரணமாக 42லிருந்து 48க்குப் போகும் சுற்றில், 'ஆறு ஸ்டிச், ஒரு இன்கிரீஸ்' என்று ஆறு முறை போடுவதற்குப் பதில், முதலில் மூன்று ஸ்டிச், ஒரு இன்கிரீஸ். பிறகு 'ஆறு ஸ்டிச், ஒரு இன்கிரீஸ்' ஐந்து முறை. கடைசியில் மூன்று ஸ்டிச். எண்ணிக்கை அதேதான், மூலைகள் மறைந்துவிடும். டிக்ரீஸுக்கும் இதே வழி.

டிக்ரீஸ் போட்ட இடத்துல குட்டிக் குட்டியா ஓட்டை.

ஸ்டிச்சின் மேலே இரண்டு இழை இருக்கும் அல்லவா, அதில் முன்னால் இருக்கும் இழையில் மட்டும் ஊசியை விட்டு, அடுத்த ஸ்டிச்சின் முன் இழையிலும் விட்டு, இரண்டையும் சேர்த்து இழுத்து முடியுங்கள். ஓட்டை தெரியாது. பேட்டர்னில் 'டிக்ரீஸ்' என்று மட்டும் எழுதாமல் இந்த முறை என்று குறிப்பிடுங்கள்.

பின்னும்போது எழுத மறந்துடுறேன். முடிச்ச பிறகு பார்த்து எழுதினா போதாதா?

போதாது. முடித்த பொம்மையில் நேர்ச்சுற்று எத்தனை என்று எண்ணிவிடலாம். இன்கிரீஸ் எங்கே விழுந்தது, எந்தச் சுற்றில் பஞ்சு அடைக்க நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் மறைந்துபோகும். பின்னும் இடத்தில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். சுற்று ஆரம்பிக்கும் முன் என்ன போடப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். முடித்ததும் எண்ணி, வந்த எண்ணிக்கையை ஓரத்தில் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், திட்டத்தை அடித்துவிட்டு நடந்ததை எழுதுங்கள். நடந்தது நன்றாக இருந்தால் அதுதான் பேட்டர்ன்.

சுற்றின் தொடக்கத்தில் அடையாளத்துக்கு மாட்டும் மார்க்கருக்குப் பதில் வேறு நிற நூல் ஒன்றை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுக்கொண்டே போங்கள். முடிவில் அந்த நூல் துணியில் ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோடு நேராக இல்லாமல் சாய்ந்து போவதைப் பார்ப்பீர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மூன்று கேள்விகளுக்கு இதுதான் பதில்.

சரியா வராததைப் பிரிச்சு, அதே நூல்லயே மறுபடி பின்னலாமா?

நூல் விலையை நினைத்தால் கை துறுதுறுக்கும். பிரிக்காதீர்கள். தலை சரியில்லை என்றால் தலையை மட்டும் தனியாக இன்னொரு முறை பின்னி, பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரித்துவிட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது, "போன தடவை இதைவிட நன்றாக இருந்ததோ" என்ற சந்தேகம்தான் மிஞ்சும். சோதனைக்கு விலை குறைந்த நூலை எடுக்கலாம். ஆனால் தடிமன் அதே இருக்க வேண்டும். அக்ரிலிக்கில் சோதித்துவிட்டுப் பருத்தியில் பின்னினால் கணக்கு எல்லாம் நழுவும்.

ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். கழுத்தையும் அகலமாக்கி, தலையையும் சிறிதாக்கினால் தலை நேராக நிற்கும். எதனால் நின்றது என்று தெரியாது. ஒவ்வொரு சோதனைத் துண்டிலும் ஒரு காகிதத் துண்டை ஊக்கில் குத்தி, என்ன மாற்றினேன் என்று ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

கழுத்து நிக்கவே மாட்டேங்குது, தலை தொங்குது.

முதலில் கழுத்தின் ஸ்டிச் எண்ணிக்கையைப் பாருங்கள். 48 ஸ்டிச் தலைக்கு 12 ஸ்டிச் கழுத்து என்றால் எப்படி அடைத்தாலும் தொங்கும். 15ல் ஆடும். 18ல் நிற்கும். தலைச் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கழுத்தைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது பஞ்சு. உடம்பைக் கழுத்துவரை அடைத்து நிறுத்திவிட்டு, தலையைப் பின்னிய பிறகு தலைக்குத் தனியாக அடைப்பார்கள். அப்போது கழுத்தில் மட்டும் வெற்றிடம் விழும். தலையில் ஐந்தாறு சுற்று போனதும், கரண்டிக் காம்பால் கழுத்து வழியாக இன்னும் கொஞ்சம் பஞ்சை அழுத்தி இறக்குங்கள். தொட்டால் கட்டியாக இருக்க வேண்டும்.

உள்ளே குச்சி வைக்கலாமா என்று கேட்பார்கள். கொலுவில் மட்டும் இருக்கப்போகும் பொம்மை என்றால் வைக்கலாம். குழந்தை கைக்குப் போகும் பொம்மையில் வேண்டாம்.

தலையணையில இருக்கிற இலவம்பஞ்சு போடலாமா? வீட்டுல நிறைய கிடக்கு.

போடலாம், ஆனால் மெல்லிய இழை ஸ்டிச் இடுக்கு வழியாக வெளியே வரும். நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும். கடையில் ரெக்ரான் என்று கேட்டால் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு துவைத்தாலும் தாங்கும். கறுப்பு, கருநீல நூலில் வெள்ளைப் பஞ்சு புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்றால் உள்ளே அதே நிறப் பழைய துணியில் ஒரு உறை போட்டு அடையுங்கள்.

ரெண்டு காலையும் சேர்த்த பிறகு ஒரு பாதம் கிழக்க பார்க்குது, ஒண்ணு தெற்க பார்க்குது!

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கணக்கு சுலபம்: ஒவ்வொரு காலும் 15 ஸ்டிச், நடுவில் 3 செயின் (சங்கிலிக் கண்ணி). செயினின் இரண்டு பக்கமும் பின்னுவதால் 15 + 15 + 3 + 3 = 36. வயிற்றுக்கு வேண்டிய 36 வந்துவிட்டது. காலை 15 என்று வைத்தது இதற்காகத்தான்.

கணக்கு சரியாக இருந்தும் பாதம் திரும்புவதற்குக் காரணம் சாய்வு. சுருளாகப் போகும் சிங்கிள் குரோஷேயில் ஒவ்வொரு ஸ்டிச்சும் கீழே இருப்பதற்கு நேர் மேலே உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்காரும். வலது கையால் பின்னுபவர்களுக்கு வலப்பக்கமும் இடது கையால் பின்னுபவர்களுக்கு இடப்பக்கமும் சாயும். 'வி' ஸ்டிச்சில் சாய்வு அதிகம், குறுக்கு ஸ்டிச்சில் குறைவு. பதினெட்டுச் சுற்று ஏறுவதற்குள் சுற்றின் தொடக்கம் பாதத்தைவிட்டுச் சில ஸ்டிச் நகர்ந்துவிடும். எத்தனை ஸ்டிச் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அதனால் "கால் முடிந்ததும் இன்னும் நான்கு ஸ்டிச் போட்டு இணைக்கவும்" என்று எழுதினால் அது எழுதியவர் கைக்கு மட்டும் பொருந்தும். அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: இரண்டு பாதமும் உங்களைப் பார்க்கும்படி கால்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துத் தட்டையாக அழுத்தவும், ஒன்றையொன்று தொடும் ஓரத்தில் இரண்டிலும் ஊக்கு குத்தவும், ஊக்கு இருக்கும் ஸ்டிச்வரை பின்னிவிட்டு அங்கே செயின் போடவும். பேட்டர்னில் கைக்குக் கை மாறும் இடங்களில் எண்ணைக் கொடுக்காதீர்கள், அடையாளத்தைக் கொடுங்கள். மாறாத இடங்களில் எண்ணைத் தாராளமாகக் கொடுங்கள்.

கை ரெண்டும் ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால போகுது.

அதே சாய்வுதான். தோள் சுற்றில் 24 ஸ்டிச் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 ஸ்டிச் கையை அதன் வாயில் தட்டையாக மடித்தால் 6 ஸ்டிச் அகலம். கைக்கு 6, மார்புக்கு 6, அடுத்த கைக்கு 6, முதுகுக்கு 6. பங்கு சரியாக இருக்கிறது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் கோணல் வருகிறது. சுற்றின் தொடக்கத்திலிருந்து எண்ணாமல், இரண்டு பாதங்களுக்கும் நடுவிலிருந்து ஒரு நூலை நேர் மேலே பிடித்து, தோள் சுற்றில் அது தொடும் ஸ்டிச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் மார்பின் நடு. அங்கிருந்து இரண்டு பக்கமும் மூன்று ஸ்டிச் விட்டால் கைகள்.

கையைத் தைப்பதைவிட, அந்தச் சுற்றைப் பின்னும்போதே கையின் இரண்டு பக்கத்தையும் உடம்பையும் சேர்த்துக் குத்திப் பின்னிவிடுவது உறுதி. பிடுங்கினாலும் வராது. 10 ஸ்டிச்சுக்குக் கீழே கையை வைக்காதீர்கள், பஞ்சு அடைக்க விரலும் போகாது, காம்பும் போகாது.

எல்லாம் சரியா வந்தாலும் முகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற ஆளா இருக்கு.

கண் ஒரு சுற்று மேலே போனால் பெரியவள், ஒரு சுற்று கீழே வந்தால் குழந்தை. நம் சிறுமிக்கு நேர்ச்சுற்று ஒன்பதில், கழுத்துப் பக்கமிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கண். இடைவெளி 7 ஸ்டிச். முகத்தின் நடு எது என்பதை மேலே சொன்ன நூல் முறையிலேயே பாருங்கள்.

பின்னால் வாஷர் போட்டு இறுக்கும் கண் வைப்பதாக இருந்தால் அவசரப்படக் கூடாது. அதை இறுக்கியபின் கழற்ற முடியாது. பஞ்சு இல்லாத தலையில் சரியாகத் தெரியும் இடம் பஞ்சு அடைத்ததும் மாறிவிடும். தலையைத் தற்காலிகமாக அடைத்து, கறுப்புத் தலைக் குண்டூசியை இடம் மாற்றி மாற்றிக் குத்திப் பாருங்கள். பிடித்த இடத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து, அதை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நேரில் தெரியாத கோணல் அதில் பளிச்சென்று தெரியும். பிறகு பஞ்சை எடுத்துவிட்டுக் கண்ணை இறுக்குங்கள். குத்திய குண்டூசிகளை எண்ணி எடுப்பது முக்கியம்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம். நூலில் தைத்துவிடுங்கள்.

கொலுவுல நிக்க வைக்கணும், ஆனா பின்னால சாஞ்சு விழுது.

பெரும்பாலும் சடைதான் காரணம். தலையைவிடச் சடையில் நூல் அடர்த்தி அதிகம், அது முழுக்கப் பின்பக்கம் தொங்குகிறது. பாதமோ முன்பக்கம் நீண்டிருக்கிறது. பின்னால் விழாமல் என்ன செய்யும்?

நான் திருத்திப் பார்க்கும் வரிசை இது. முதலில் பாதத்தின் அடியில் பிளாஸ்டிக் மூடியைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி, ஓரத்தை மழுக்கி வைப்பது. ஸ்வீட் டப்பா மூடி சரியான கனம். அது போதாவிட்டால் பாதத்தின் குதிகாலைப் பின்பக்கம் ஒரு சுற்று நீட்டுவது. அதிலும் நிற்காவிட்டால் சடையில் கைவைப்பது: முடிக்குச் சற்று மெல்லிய நூல், அல்லது சடையை முன்னால் தோள்மேல் போட்டுவிடுவது. கடைசி வழி, பாவாடையைத் தரைவரை இறக்கி விளிம்பில் நிற்க வைப்பது. கொலுவுக்கு இது அழகாகவே இருக்கும். ஆனால் முதலிலேயே இதற்குப் போய்விட்டால் கால் எதற்குப் பின்னினோம் என்றாகிவிடும்.

தலைமுடிக்குத் தொப்பி மாதிரிப் பின்னுபவர்கள், தலைக்குப் போட்ட அதே எண்ணிக்கையை 3 மி.மீ. ஊசியில் போட்டால் அளவாக உட்காரும்.

பாவாடை விறைப்பா நிக்கக் கஞ்சி போடலாமா?

பருத்தி நூல் என்றால் போடலாம், நன்றாக நிற்கும். ஆனால் கொலு முடிந்து பெட்டியில் வருடம் முழுக்க இருக்கும் பொம்மைக்கு நான் போடமாட்டேன். கஞ்சி வாசனைக்கு வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வரும். விளிம்பில் கடைசிச் சுற்றை இரட்டை நூலில் பின்னினாலே பாதி விறைப்பு வந்துவிடும்.

அதே பேட்டர்ன், அதே ஊசி. நூல் கலரை மட்டும் மாத்தினேன். கை ஒண்ணு குண்டா வருது.

ஒரே கம்பெனி நூலில்கூட நிறத்துக்கு நிறம் தடிமன் கொஞ்சம் மாறும். சாயம் தோய்த்த தொகுதி மாறினாலும் மாறும். உடம்புக்கும் கைக்கும் ஒரே உருண்டையிலிருந்து நூலெடுங்கள். எவ்வளவு நூல் தேவை என்பதைச் சமையலறைத் தராசில் நூல் உருண்டையை, பின்னும் முன்பும் பின்னிய பிறகும் நிறுத்தால் தெரிந்துவிடும். பேட்டர்னில் அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட்டி எழுதுங்கள்.

பேட்டர்ன் முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? நான் மாத்திக்கிட்டே இருக்கேன்.

நோட்டில் இருப்பதை மட்டும் பார்த்து, நினைவிலிருந்து எதையும் சேர்க்காமல், ஒரு வாரம் இடைவெளி விட்டு ஒரு பொம்மை பின்னுங்கள். அது முந்தையதன் பக்கத்தில் உட்கார்ந்தால் அக்காள் தங்கையாகத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு முறைகூட "இங்கே என்ன செய்தேன்" என்று யோசிக்காமல் போயிருந்தால் முடிந்தது. அதன்பிறகும் மாற்ற ஆசை வந்தால் அது அடுத்த பொம்மைக்கான யோசனை. புது பக்கத்தில் எழுதுங்கள்.

வேற யாராவது பின்னிப் பார்க்கணுமா? கூச்சமா இருக்கு.

கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் கைக்குத் தெரிந்தது தாளில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. புதிதாகக் கற்றவர் ஒருவர், கை தேர்ந்தவர் ஒருவர், முடிந்தால் இடது கைக்காரர் ஒருவர். கை தேர்ந்தவர் குறையைச் சொல்லாமலே சரிசெய்துகொண்டு போய்விடுவார், அவரை மட்டும் நம்பாதீர்கள்.

அவர்கள் போன் செய்து "பதினோராவது சுற்றில் என்ன அக்கா?" என்றால் உடனே விளக்கிவிடாதீர்கள். "நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரியைத்தான் திருத்த வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மொத்த எண்ணிக்கை கொடுத்திருந்தால் பாதிக் கேள்விகள் வராது. முடித்த பொம்மையை முன், பின், பக்கவாட்டு என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "சூப்பர் அக்கா" என்பதைவிட அந்த மூன்று படங்கள் அதிகம் சொல்லும்.

நெட்ல பார்த்த ஒரு பொம்மையைக் கொஞ்சம் மாத்திட்டேன். இப்ப இது என் பேட்டர்ன்தானே?

ஆறில் தொடங்கி உருண்டை பின்னுவது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் எழுதிய வரிகளைப் பார்த்துப் பின்னி, அதில் காதை மாற்றி, பாவாடை நிறத்தை மாற்றினால் அது அவருடைய பேட்டர்ன்தான். வீட்டுக்குப் பின்னிக்கொள்ளுங்கள், எழுதி விற்காதீர்கள். வெறும் யோசனை மட்டும் பிடித்திருந்தால் படத்தை மூடி வைத்துவிட்டு, மேலே சொன்ன கிராஃப் தாளிலிருந்து தொடங்குங்கள். வேறு பொம்மைதான் வரும்.

பின்னின பொம்மையை விக்கலாமா? ஏதோ சர்ட்டிபிகேட் வேணும்னு சொல்றாங்களே?

இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரச்சான்று கட்டாயம். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. தொடர்ந்து விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பதிவை முதலில் பாருங்கள். பேட்டர்னை மட்டும் விற்பதாக இருந்தால் அது பொம்மை அல்ல, எழுத்து. இந்தச் சான்று அதற்குப் பொருந்தாது.

இதே பொம்மையை ரெண்டு மடங்கு பெரிசாப் பின்னணும். எல்லாத்தையும் ரெண்டால பெருக்கினா போதுமா?

ஸ்டிச்சையும் சுற்றையும் இரண்டால் பெருக்குங்கள்: தலை 96 ஸ்டிச், கழுத்து 36, வயிறு 72. ஒரு சுற்றுக்குக் கூட்டும் ஆறை மட்டும் பெருக்காதீர்கள், அது அளவைப் பொறுத்ததல்ல. 36லிருந்து 96க்கு ஏற இப்போது பத்துச் சுற்று ஆகும். கால் 30, நடுவில் 6 செயின்; 30 + 30 + 6 + 6 = 72, சரியாக வந்துவிடும்.

நூல் நான்கு மடங்கும் பஞ்சு எட்டு மடங்கும் ஆகும், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். எடை கூடும் அளவுக்குக் கழுத்தின் பலம் கூடாது என்பதால் 36ஐ 42 ஆக்கிப் பின்னிப் பாருங்கள். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் பேட்டர்னைத் தொடாமல் இரண்டு மடங்கு தடிமனான நூலும் அதற்கேற்ற ஊசியும் எடுங்கள். மாற்ற வேண்டியது கண்ணின் அளவு மட்டும்தான்.